ரெஜினாவின் ஒன்றரைக் கிலோ

என் மனைவிக்கு நான் முதன்முதலாகக் கொடுத்தது ஒரு லக்கேஜ் டிக்கெட். பூவும் இல்லை, புடவையும் இல்லை. மதுராந்தகத்திலிருந்து செய்யூர் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். பெயர் பன்னீர்செல்வம், ஊர் கருங்குழி. 1994-ல் ஒரு சனிக்கிழமை காலை, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். முதுகில் கிட்டார். கையில் கறுப்பாக ஒரு பெட்டி. அதை அவள் தூக்கி வந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அது டிக்கெட் வாங்க வேண்டிய கனம்.

லக்கேஜ் போடணும் என்றேன். இருபத்திரண்டு கிலோ, ரேஷன் கடைத் தராசில் நிறுத்தாயிற்று, போட்டுக்கொள் என்றாள். மற்றவர்களைப் போல கெஞ்சவில்லை, பத்து கிலோதான் என்று புளுகவும் இல்லை. காசைக் கொடுத்து டிக்கெட்டை வாங்கி, பெட்டியைத் தூக்கி ஜன்னலோர சீட்டில் வைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றுகொண்டாள். என்னம்மா இது என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அதுக்கும் டிக்கெட் வாங்கிக்கீறேன் இல்ல? அது குந்தட்டும். நான் நின்னுகினு வரேன்."

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் அந்தப் பெட்டிக்கு டிக்கெட் கிழித்தேன். ஏழாவது மாதம் பெட்டியை நானே ஏற்றி இறக்க ஆரம்பித்தேன். பிறகு என் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனேன். எங்கள் வீட்டில் முருகன், அவர்கள் வீட்டில் மாதா. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு காலத்தில் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள்தான். பேசி முடிக்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

பெண்ணின் பெயர் ரெஜினா. செங்கல்பட்டில் கன்னியர் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தபோது, அங்கே ஐந்து கம்பியோடு கிடந்த ஒரு கிட்டாரில் தானாக வாசிக்கப் பழகியவள். படிப்பு முடிந்து மறைமலை நகரில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. சால்டரிங்கில் ஆரம்பித்து, ஸ்டிக்கர் ஒட்டி, கடைசியில் தயாரான பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் இடத்துக்கு வந்தாள். அந்த இருபத்திரண்டு கிலோ பெட்டி, செங்கல்பட்டில் ஒரு மெல்லிசைக் குழு சண்டை போட்டுக் கலைந்தபோது அவள் வாங்கிய பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர். முதல் சம்பளத்தில் பெண்கள் கம்மல் வாங்குவார்கள். இவள் இதை வாங்கினாள்.

இன்றைக்கு மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாசிக்கிறாள். சாப்பிட வந்தவர்கள் சிலர் தட்டோடு எழுந்து வந்து, இவ்வளவு சின்ன டப்பாவிலிருந்தா இந்தச் சத்தம் என்று குனிந்து பார்க்கிறார்கள். எந்த நாட்டு சாமான் என்று கேட்கிறார்கள். ரெஜினா சிரித்துவிட்டுப் போய்விடுவாள், அவளுக்குப் பேச நேரமில்லை. எனக்கு நேரம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அதனால் அந்த டப்பா எங்கள் வீட்டுக்கு வந்த கதையை நான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கருங்குழியில் குடித்தனம். ஞாயிறு தோறும் செய்யூர் பக்கம் இருக்கும் தன் ஊருக்குப் போய் மாதா கோயிலில் வாசித்துவிட்டு வருவாள். பெட்டியைத் தூக்குகிறவன் நான். பெண்டாட்டி என்பதற்காக நான் லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டதில்லை. செக்கிங் இன்ஸ்பெக்டருக்குப் பயந்து என்று அவள் சொல்வாள். நேர்மை என்று நான் சொல்வேன். இரண்டும் உண்மைதான்.

1997-ல் அவள் தம்பி ஜெரோம் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவர், மூட்டை கனக்கிறது என்று மூன்று இரும்பு டப்பாக்களை விற்கப் பார்க்கிறார், கிட்டாருக்கானது போலத் தெரிகிறது என்று போன் செய்தான். அன்றைக்கே போய் வாங்கினோம். காலால் மிதிக்கும் பெடல்கள் அவை. ஒன்றை மிதித்தால் கிட்டார் கரகரவென்று உறுமும், இன்னொன்றை மிதித்தால் சத்தம் மலை இடுக்கில் பட்டுத் திரும்பும், மூன்றாவதை மிதித்தால் ஒரு கிட்டார் இரண்டாகக் கேட்கும். மூன்றையும் பொருத்திவைக்க ஒரு பலகை தேடினாள். கருங்குழியில் காயலான் கடை ஒன்றில் உடைத்துப் போட்டிருந்த பழைய பஸ்ஸின் சீட்டுப் பலகையை, பச்சை ரெக்ஸினோடு வாங்கிவந்து கொடுத்தேன். லக்கேஜ் டிக்கெட்டுக்கு அப்புறம் நான் கொடுத்த உருப்படியான பரிசு அது ஒன்றுதான்.

இவ்வளவும் இருந்தது. ஆனால் அவள் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. இதைச் சொல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

கோயிலில் சத்தத்துக்குச் சொந்தக்காரர் தேசிங்கு. செய்யூரில் மைக் செட் கடை. திருவிழா, ஞாயிறு பூசை, அரசியல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு மைக் செட் என்றால் பூசை வைக்கிற பாதர் பேசுவது கேட்க வேண்டும், பாட்டு கேட்க வேண்டும், கீபோர்டு கொஞ்சம் கேட்கலாம். கிட்டார் அவருக்கு இடைஞ்சல். ரெஜினாவின் பெட்டியில் கொஞ்சம் சத்தம் வைத்தால் அது பாடுகிறவர்களின் மைக்கில் நுழைந்து 'ஊய்' என்று கத்தும். உடனே தூணோரம் உட்கார்ந்தபடியே கையை மேலிருந்து கீழே ஆட்டுவார், குறை என்று. குறைத்துக் குறைத்து, கடைசியில் அவள் வாசிப்பது அவளுக்கும் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கும் மட்டும்தான் கேட்டது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று இன்னும் மோசம். பஸ் நிறுத்தத்தில் ஓலையை மந்திரித்து, அங்கிருந்து ஊர்வலமாக ஒரு கிலோமீட்டர் பாடிக்கொண்டே கோயிலுக்கு நடப்பார்கள். நடுரோட்டில் கரண்ட்டுக்கு எங்கே போவது? தேசிங்கின் செட் பாட்டரியோடு மூன்று சக்கர வண்டியில் வரும், அதில் பாடுகிறவர்களின் மைக் மட்டும். ரெஜினா வெறும் கிட்டாரை மீட்டிக்கொண்டு நடப்பாள்.

அவள் அம்மா செங்கம்மாள் எப்போதும் கடைசி வரிசையில். கழனி வேலைக்குப் போன பெண்கள் கோயிலில் எங்கே உட்காருவார்களோ அங்கேயே கடைசிவரை உட்கார்ந்து பழகிவிட்டவர். கடலை பறித்த கூலியில் மகளை விடுதியில் வைத்துப் படிக்க வைத்தவர். ஒவ்வொரு பூசை முடிந்ததும் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே மகளிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "நீ எப்பம்மா வாசிச்ச?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்பார். வீட்டில் வாசித்துக் காட்டட்டுமா என்று ரெஜினா ஒருமுறை கேட்டதற்கு, வீட்டில் வாசிப்பதை யார் கேட்டார்கள், கோயிலில் கேட்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

2003 குருத்தோலை ஞாயிறன்று, அந்தப் பக்கத்தில் இருக்கிறவள் வாயைத் திறந்தாள். எல்லம்மாள் என்று பெயர். உன் பெண் சும்மா கையை ஆட்டுகிறாள், அது அழகுக்கு மாட்டிக்கொண்டிருப்பது, அதில் சத்தமே வராது என்று செங்கம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். செங்கம்மாள் அவளோடு சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சந்தேகம் வந்துவிட்டது. எங்களை பஸ் ஏற்றிவிட வந்தவர், ரெஜினாவின் காதோரம் குனிந்து, எனக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நெஜமாவே அதுல சத்தம் வருதாம்மா?"

 கருங்குழி வீட்டுக்கு வந்ததும், ரெஜினா தேதி முடிந்த ஒரு டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தை எடுத்து எழுதினாள். அவள் எழுதியதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு கையால் தூக்க வேண்டும். பாட்டரியில் ஓட வேண்டும். பலகையில் வருகிற சத்தத்தைக் கெடுக்கக்கூடாது. இதற்கெல்லாம் கீழே, பேனாவை அழுத்தி, 'கடைசி வரிசை' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். அடுத்த குருத்தோலை ஞாயிறுக்குள் நடக்க வேண்டும் என்றாள். தேசிங்கின் தயவில் இல்லை, தன் சத்தத்தின் திருகு தன் கைக்குள் இருக்க வேண்டும் என்றாள்.

எனக்கும் ரோஷம் வந்தது. ஆனால் என் ரோஷம் வாய் வழியாகத்தான் போகும். மறுநாளே பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டேன். தினமும் செய்யூருக்குப் பூக்கூடையோடு வரும் சந்திரம்மாவிடம், என் வீட்டுக்காரி ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கப்போகிறாள், ஆயிரம் வாட், செய்யூரே அதிரும் என்றேன். ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் டீக்கடை டேப் ரெக்கார்டரில்கூட ஆயிரம் வாட் என்று ஒட்டியிருக்கும். சந்திரம்மா அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் டிக்கெட் வாங்கும்போது, "கண்டக்டரே, ஆயிரம் வந்துச்சா?" என்பார். மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ரெஜினா அவசரப்படவில்லை. பத்து மாதம் விசாரித்தாள், கம்பெனியில் இருந்த பழைய புத்தகங்களைப் படித்தாள், சீட்டு கட்டினாள். 2004 பிப்ரவரியில் இருவரும் லீவு போட்டோம். செங்கல்பட்டில் சென்னைக்கு மின்சார ரயில் ஏறினோம். என் தோளில் கிட்டார், அவள் கையில் பெடல் பலகை, என் இன்னொரு கையில் கம்பெனி ஊழியர் விலைக்கு வாங்கிய யூ.பி.எஸ். பாட்டரி ஒன்று. போலீஸ்காரர் ஒருவர் தாம்பரம் வரை எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதலில் அண்ணா சாலையில் ஒரு இசைக்கருவிக் கடை. வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது, செங்கல் அளவு, பார்க்கவே ஆசையாக இருந்தது. கரண்ட்டில்தான் ஓடுமாம். விலையைக் கேட்டுவிட்டு இருவரும் தண்ணீர் குடித்தோம். அடுத்து, இடுப்பில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று, ஒன்பது வோல்ட் பாட்டரியில் ஓடுவது. கனமே இல்லை. ரெஜினா மாட்டிக்கொண்டு வாசித்தாள். ஏ.சி. அறையில் அருமையாகக் கேட்டது. எனக்குப் பிடித்துவிட்டது, எடுத்துவிடு என்றேன். அவள் கடைப்பையனிடம் கதவைக் கொஞ்சம் திறந்து பிடிக்கச் சொன்னாள். அண்ணா சாலையின் இரைச்சல் உள்ளே வந்தது. கம்பியில் அவள் விரல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தைக் காணோம். நன்றி சொல்லிக் கழற்றிக் கொடுத்தாள்.

பிறகு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு. அங்கேதான் அவள் மனதுக்குள் வைத்திருந்த யோசனையை எனக்குச் சொன்னாள். கிட்டாரின் குணம் முழுக்க பெடல் பலகையிலேயே தயாராகிவிடுகிறது. அதற்கு அப்புறம் வருகிற டப்பா தன் பங்குக்கு எதையும் சேர்க்க வேண்டியதில்லை, வந்ததை அப்படியே தூக்கிவிட்டால் போதும். அதற்கு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் எதற்கு, காரில் பாட்டு கேட்கப் பொருத்துகிற பவர் ஆம்ப்ளிஃபயர் போதுமே, அது பன்னிரண்டு வோல்ட்டில்தானே ஓடுகிறது என்றாள். எனக்கு அது கொஞ்சம் மட்டமான யோசனையாகப் பட்டது. சொல்லவில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார். ரெஜினா கேள்வி கேட்டால் பதிலை எனக்குச் சொன்னார். எனக்கு ஒரு எழவும் புரியாவிட்டாலும் தலையை ஆட்டினேன், அதில் ஒரு சுகம் இருந்தது. அப்போதுதான் அவர் மேல் தட்டிலிருந்து அதை இறக்கினார். தங்க நிறம், நீல விளக்கு, மேலே தீ எரிகிற மாதிரி படம், 1000 வாட் என்று கொட்டை எழுத்து. சந்திரம்மாவின் முகம் என் கண்முன் வந்தது. இதுதான் என்றேன். பையிலிருந்து காசை எடுக்கப் போனேன்.

ரெஜினா அதைத் திருப்பிப் போட்டாள். முன்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. பின்னால் சொருகியிருந்த சின்ன ஃப்யூஸை நகத்தால் நெம்பி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அஞ்சு ஆம்ப் ஃப்யூஸ். பன்னெண்டு அஞ்சு அறுபது. உள்ள போறதே அறுபது வாட்டு, வெளிய ஆயிரம் எப்படிண்ணா வரும்?"

கடைக்காரர் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். கம்பெனி போட்டிருக்கிறான், நான் என்ன செய்வது என்றார். அதற்கு அவள், நானும் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை பார்த்தவள்தான், எனக்கே ஸ்டிக்கரைக் காட்டாதீர்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி சொன்னாள். அந்த மனிதர் சிரித்துவிட்டார். உட்காரம்மா என்று ஸ்டூலைத் தள்ளினார். அதற்கப்புறம் அரை நாள் அவர் என் பக்கமே திரும்பவில்லை.

எட்டு ஆம்ப்ளிஃபயர் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஃப்யூஸைப் பிடுங்கினாள். தேறிய மூன்றைப் பலகையோடு இணைத்து, கடையில் இருந்த ஒரு சின்ன ஸ்பீக்கரில் வாசித்தாள். சும்மா வாசிக்கும்போது இரைகிறதா என்று கேட்டாள், உறுமும் பெடலை மிதித்தபோது சத்தம் பிசிறுகிறதா என்று கேட்டாள். பத்து நிமிடம் விடாமல் வாசித்துவிட்டு மேலே கையை வைத்து சூடு பார்த்தாள். ஒன்று இரைந்தது. ஒன்று தோசைக்கல்லாகக் காய்ந்தது. மிச்சமிருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு டப்பா, சாப்பாட்டு டிபன் பாக்ஸ் அளவு, விளக்கும் கிடையாது, படமும் கிடையாது. இருபதும் இருபதும் நாற்பது வாட் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஃப்யூஸ் ஏழரை ஆம்ப்; உள்ளே போவது தொண்ணூறு, வெளியே நாற்பது, கணக்கு சரியாக வந்தது. கடைக்காரரின் தராசில் நிறுத்தாள். ஒன்றரைக் கிலோ.

ரயிலில் திரும்பும்போது அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்பது என்று சந்திரம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் என் யோசனை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம், கோயிலில் ஒத்திகை. பச்சைப் பலகையின் வலது மூலையில் ஆம்ப்ளிஃபயரைத் திருகி முடுக்கியிருந்தாள். பெடல்களுக்கும் அதே பாட்டரியிலிருந்தே ஒன்பது வோல்ட் போகிற மாதிரி ஒரு சின்ன சர்க்யூட் தானே செய்து சேர்த்திருந்தாள். ஸ்பீக்கர் மட்டும் தேசிங்குடையது. பாதர் சொன்னதால், உள்ளே வரிசையாக நான்கு ஸ்பீக்கர் கொண்ட உயரமான பெட்டி ஒன்றைக் கொடுத்தார். ஜெரோம் அதை மூன்று சக்கர வண்டியில் கட்டினான். செங்கம்மாள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எல்லம்மாளும்.

ரெஜினா திருகைப் பாதி திருப்பி ஒரு தட்டு தட்டினாள். ஏதோ தூரத்தில் கேட்டது. முழுக்கத் திருப்பினாள். அப்போதும் அப்படித்தான்.

தேசிங்கு காதைச் சொறிந்துகொண்டு, "இன்னாக்கா, கொசு கணக்கா கீது?" என்றார்.

எல்லம்மாள் செங்கம்மாளின் தொடையில் தட்டிச் சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டது இல்லை. அப்போதே சொன்னேனே, ஆயிரம் வாட் எடுத்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அவள் அழவில்லை, பதறவில்லை. தரையில் உட்கார்ந்தாள். கம்பெனியில் ஒரு பெட்டி வேலை செய்யவில்லை என்றால் அவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று இருக்கிறது: நேற்றைக்கும் இன்றைக்கும் மாறியது எது? கிட்டார் அதே. பலகை அதே. பாட்டரி அதே. ரிச்சி தெருவில் கண்ணாடி அலமாரி நடுங்கியது. மாறியது ஸ்பீக்கர் ஒன்றுதான். எழுந்து வண்டிக்குப் போய் அந்தப் பெட்டியை முதுகுப்பக்கம் தட்டிப் பார்த்தாள். ஸ்குரூ டிரைவர் வேண்டும் என்றாள்.

தேசிங்கு மறித்துவிட்டார். அவர் பெட்டியை அவரைத் தவிர யாரும் பிரித்ததில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். அவருடைய மைக் செட் தெரு நீளத்துக்கு ஒயர் இழுக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்காக அது வோல்ட்டை மிக உயரமாக ஏற்றி அனுப்பும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதை இறக்கிக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். தன் டப்பா ஏற்கெனவே தாழ்வாகத்தான் கொடுக்கிறது, அதை இன்னும் இறக்கினால் கொசுதான் வரும். பூசை முடிந்ததும் பழையபடி மாட்டித் தருகிறேன், மாட்டாவிட்டால் என் கிட்டாரை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

 கடைசியில் தேசிங்கே ஸ்குரூவைக் கழற்றினார்.

உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. ஸ்டெபிலைசர் கம்பெனியில் பத்து வருஷம் அவள் தினமும் கையில் எடுத்த சாமான். அதன் இரண்டு ஒயரை எடுத்துவிட்டு ஸ்பீக்கருக்கு நேராகக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, நான்கில் ஒரு ஸ்பீக்கரின் ஒயர் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக ஊமையாக இருந்ததோ. பையிலிருந்து சால்டரிங் கோலை எடுத்து, கோயில் பிளக்கில் சொருகி, அதையும் ஒட்டினாள். பிறகு திருகைக் கால்வாசி மட்டும் வைத்துக் கம்பியைத் தொட்டாள். மரத்திலிருந்த காக்கையெல்லாம் எழுந்தது.

செங்கம்மாள் அதைக் கேட்கவில்லை. மகள் தரையில் உட்கார்ந்தபோதே பார்க்கப் பொறுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். எல்லம்மாளும் போய்விட்டிருந்தாள். கூப்பிட்டு வரட்டுமா என்றேன். வேண்டாம், நாளைக்குக் கேட்கட்டும் என்றாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான், அதையும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். தேசிங்கு மட்டும் போகிற போக்கில், கடையில் இன்னும் மூன்று பெட்டி இருக்கிறது, அதையும் ஒருநாள் பார்த்துக் கொடுங்கள் அக்கா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. காலை எட்டு மணி டிரிப். டிரைவர் ராமானுஜம். பஸ்ஸில் சந்திரம்மா வழக்கமான சீட்டில், பூக்கூடை காலடியில். ஊர் நிறுத்தத்தை நெருங்கும்போது ஊர்வலம் ஏற்கெனவே கிளம்பி ரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இரு பக்கமும் சவுக்குத் தோப்பு, ஒதுங்க இடமில்லை. ராமானுஜம் அதன் பின்னாலேயே மெதுவாக உருட்டினார். நான் முன்படியில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். தலைகளும் ஓலைகளும்தான் தெரிந்தன. ரெஜினா எங்கோ முன்னால், நூறு அடிக்கு அப்பால். எனக்கு மிக அருகில், ஊர்வலத்தின் கடைசி வரிசையில், கையில் ஓலையோடு செங்கம்மாள். என் மாமியாரும் நானும் அன்றைக்கு ஒரே இடத்தில் இருந்தோம். பஸ் என்ஜின் இரைந்தது. பாட்டு அரைகுறையாகக் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. 

ராமானுஜத்திடம் என்ஜினை நிறுத்தச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறுத்தினார்.

பாடுகிறவர்கள் ஓசன்னா என்று முடித்து மூச்சு வாங்கினார்கள். அந்த இடைவெளியில் கிட்டார் வந்தது. முதலில் சாதாரணமாக வந்தது. பிறகு அவள் பெடலை மிதித்திருக்க வேண்டும், உறுமிக்கொண்டு எழுந்து, எங்கள் தலைக்கு மேலே போய், சவுக்குத் தோப்பில் பட்டுத் திரும்பி வந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. எங்கேயும் பிசிறவில்லை. என் உடம்பு முழுக்கப் புல்லரித்துவிட்டது, அதை மறைக்க டிக்கெட் பையைச் சரிசெய்தேன்.

"கண்டக்டரே, இதான் உன் ஆயிரம் வாட்டா?" என்றார் சந்திரம்மா.

"நாப்பதும்மா," என்றேன். "வெறும் நாப்பது." அந்த எண்ணைச் சொல்வதில் அவ்வளவு பெருமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பின்சீட்டில் ஒரு ஆளுக்கு அவசரம். ஜன்னலில் தலையை நீட்டி, யார் இது காலங்காத்தாலே இவ்வளவு சத்தமாக வாசிப்பது, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்று கத்தினார். கடைசி வரிசைக்கு அது கேட்டது. எல்லம்மாள் திரும்பினாள். செங்கம்மாளும் திரும்பினார். நூறு முறை மகளிடம் எப்போது வாசித்தாய் என்று கேட்ட அந்த அம்மாள், ஓலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த ஆளுக்கும் எல்லம்மாளுக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னார்.

"எம் பொண்ணு வாசிக்குது. கொறைக்காது."

ஊர்வலம் கோயில் தெருவுக்குள் திரும்பியது. ரோடு காலியானது. ராமானுஜம் என்ஜினைப் போட்டுவிட்டு என் விசிலுக்காகக் காத்திருந்தார். அந்த ஆள் மணியைப் பார்த்தார், சந்திரம்மா பூக்கூடையை நகர்த்தி வைத்தார். விசில் என் வாயில்தான் இருந்தது. ரெஜினா இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை நான் ஊதவில்லை.